மேல ஜம்ப், கீழ டேக்ஆஃப்: ரெண்டு பக்கமும் பண்ற தவறுகள்

ஸ்கைடைவிங் நடக்குற ஏர்ஃபீல்டுல இருந்து மத்த விமானமும் கிளம்புதுன்னா, பல நாள்ல ரெண்டு பேரும் போறது வானத்துல ஒரே மூலைக்குத்தான், இத நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. விமானம் காத்துக்கு எதிரா டேக்ஆஃப் ஆகும். குதிக்கிறவங்கள எங்க இறக்கி விடுவாங்க, காத்தே அவங்கள ஃபீல்டுக்குத் தள்ளிட்டு வரணும்ங்கிறதால காத்து வர்ற பக்கமா கொஞ்ச தூரம் தள்ளிப் போய் இறக்கி விடுவாங்க. அப்போ மேல்காத்தும் தரைக்காத்தும் ஒரே திசையில அடிக்கிற நாள்ல, ரன்வேய விட்டு நேரா ஏறிப் போற விமானத்தோட தலைக்கு மேலதான் கதவு திறந்து ஆளுங்க நிக்கிறாங்க. கிளம்புற பைலட் இத மனசுல வாங்கிக்கிட்டாலே பாதி தவறு குறையும்.

பெரிய தவறு, "கண்ணுல பட்டா ஒதுங்கிக்கலாம்"னு நினைக்கிறது. ஃப்ரீஃபால்ல, அதாவது பாராசூட் திறக்கிறதுக்கு முன்னாடி, விழுந்துட்டு வர்ற ஆள் மணிக்கு கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர் வேகத்துல நேரா கீழ வர்றார், தலைகீழா விழுறவங்க இன்னும் வேகம். 13,000 அடியில குதிச்சு 4,000 அடியில கேனோப்பி (பாராசூட்டோட விரியுற துணி) திறக்குற ஆளுக்கு நடுவுல ஒரு நிமிஷம் கூட முழுசா இல்ல. ஏறிட்டு இருக்குற பைலட்டுக்கு மூக்கு மேல தூக்கியிருக்கு, இறக்கை மேல இருக்குற ஹை விங் விமானம்னா தலைக்கு மேல முழுக்க இறக்கைதான் மறைக்குது, ஆள் வர்றதோ மேல இருந்து, உருவமோ ஒரு புள்ளி. அந்தப் புள்ளி கண்ணுக்குப் பிடிபடும்போது திரும்புறதுக்கு நேரம் இருக்காது. விழுற ஆளாலயும் பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, கொஞ்சம் பக்கவாட்டுல நகரலாம் அவ்ளோதான். கிளம்புற விமானத்தோட ஸ்க்ரீன்லயும் இவங்க வரமாட்டாங்க, ஏன்னா குதிக்கிறவங்க யாரும் டிரான்ஸ்பாண்டர் (இருக்குற இடத்த சிக்னல் மூலமா காட்டிக் கொடுக்குற கருவி) கட்டிட்டு குதிக்கிறதில்ல. ஸ்க்ரீன் காலியா இருக்குறத பாத்து வானம் காலின்னு முடிவு பண்றது இதே தவறோட இன்னொரு முகம்.

இது வெறும் தியரி இல்ல. 1993-ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல நார்த்தாம்ப்டன் பக்கம் ஒரு ஸ்கைடைவர் விழுந்துட்டு இருக்கும்போது ஒரு சின்ன பைப்பர் விமானத்தோட வாலுல மோதினார், விமானம் கீழ விழுந்து அதுல இருந்தவங்க செத்துப் போனாங்க, குதிச்சவர் பிழைச்சுக்கிட்டார். 2014-ல ஃபுளோரிடாவுல டச் அண்ட் கோ (ரன்வேய தொட்டதும் நிக்காம திரும்ப எழும்புற பயிற்சி) பண்ணிட்டு இருந்த ஒரு செஸ்னா, தரைக்கு ரொம்பப் பக்கத்துல இறங்கிட்டு இருந்தவரோட பாராசூட் கயித்துல சிக்கிடுச்சு, நல்லவேளை ரெண்டு பேருமே உயிரோட தப்பிச்சாங்க. மொதல்ல நடந்தது ஃப்ரீஃபால்ல, ரெண்டாவது கிட்டத்தட்ட தரையில. ஆபத்து ஒரே உயரத்துல உக்காந்திருக்கல, மேல இருந்து கீழ வரைக்கும் இருக்குதுன்னு இந்த ரெண்டையும் சேத்துப் பாத்தா புரியும்.

ரேடியோ விஷயத்துக்கு வருவோம், அதிக குழப்பம் இங்கதான். "ஜம்பர்ஸ் அவே", அதாவது ஆளுங்க குதிச்சிட்டாங்கன்னு, அவங்கள ஏத்திட்டுப் போன ஜம்ப் பைலட் சொன்னதும், சரி முடிஞ்சுது, இனி கிளம்பலாம்னு எடுத்துக்கிறவங்க இருக்காங்க. அது முடிவு இல்லங்க, ஆரம்பம். அந்த நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம் ஃப்ரீஃபால், அப்புறம் அஞ்சு ஆறு நிமிஷம் கேனோப்பியில, அதுவும் கடைசி ஆள் குதிச்சதுல இருந்து கணக்கு. பெரிய விமானத்துல இருபது பேர் வரைக்கும் ஏறுவாங்க, எல்லாரும் ஒண்ணா குதிக்க மாட்டாங்க, குரூப் குரூப்பா இடைவெளி விட்டுத்தான் குதிப்பாங்க, விமானம் அதுக்குள்ள நகர்ந்துட்டே இருக்கும், அதனால மொத ஆள் குதிச்ச இடத்துக்கும் கடைசி ஆள் குதிச்ச இடத்துக்கும் நடுவுல ரெண்டு மூணு கிலோமீட்டர் கூட இருக்கலாம். இதுல யாராவது விங்சூட் (கை காலுக்கு நடுவுல துணி இறக்கை வச்ச உடை) போட்டிருந்தா அவர் பக்கவாட்டுலயே பல கிலோமீட்டர் பறந்துட்டு வருவார். யாராவது குதிச்ச உடனே உயரத்துலயே திறந்துட்டா பத்து நிமிஷத்துக்கு மேலயும் மிதந்துட்டு இருப்பார், தரையில இருக்குற பைலட் எல்லாரும் இறங்கிட்டாங்கன்னு நம்பிட்டு இருப்பார். உயரத்துல திறக்கப் போறவங்க இருந்தா ஜம்ப் பைலட் அத ரேடியோவுல தனியா சொல்லணும், சொல்லாம விடுறது பெரிய தவறு.

அடுத்து, விமானப் போக்குவரத்த கவனிக்கிற கண்ட்ரோலர் சொல்ற வார்த்தைய தப்பா புரிஞ்சுக்கிறது. அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்ஏஏவோட ரூல் பார்ட் 105-ல, குதிக்கிறதுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே கண்ட்ரோலோட பேசியிருக்கணும்னு இருக்கு, தெரிஞ்ச டிராஃபிக் பத்தின தகவல் வாங்குறதுக்காக. இந்த "தெரிஞ்ச"ங்கிறதுதான் முக்கியம். சின்ன ஏர்ஃபீல்டுல இப்பதான் ரன்வேய விட்டு எழும்புற விமானம் ரேடார்ல தெரியுற உயரத்துக்கே வந்திருக்காது. டிராஃபிக் எதுவும் தெரியலன்னு கண்ட்ரோலர் சொன்னா அவருக்குத் தெரியலன்னு மட்டும்தான் அர்த்தம், அத வச்சு, குதிக்கலாம்னு சொல்ற பச்சை லைட்ட பைலட் போடக்கூடாது. அதே ரூல்ல, விமானப் போக்குவரத்துக்கு ஆபத்து வர்ற மாதிரி ஜம்ப் பண்ற ஆளும் பண்ணக்கூடாது, பைலட்டும் அனுமதிக்கக்கூடாதுன்னு ரெண்டு பேர் தலையிலயும் பொறுப்பு வச்சிருக்காங்க, எனக்கு அது ரொம்பச் சரின்னு படுது.

இதுல இன்னொரு சிக்கல், ஜம்ப் பைலட் மேல கண்ட்ரோலோட ஒரு ஃப்ரீக்வென்சியில பேசிட்டு இருப்பார், கிளம்புற சின்ன விமானம் ஃபீல்டோட பொது ஃப்ரீக்வென்சியில இருக்கும், ஒருத்தர் பேச்சு இன்னொருத்தர் காதுல விழவே விழாது. ரெண்டு ரேடியோ இருக்கும்போது ஜம்ப் பைலட் பொது ஃப்ரீக்வென்சியிலயும் ரெண்டு நிமிஷம் முன்னாடி ஒரு தடவ, குதிக்கிறப்ப ஒரு தடவ, எந்த உயரம், ஃபீல்டுக்கு எந்தப் பக்கம், எத்தனை பேர்னு சொல்லணும். கிளம்புறவரும் ரன்வேக்குள்ள நுழையுற நேரத்துல மட்டும் ரேடியோவ திருகாம, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணதுல இருந்தே கேட்டுட்டு இருக்கணும், ரெண்டு நிமிஷ கால் வந்துட்டா ரன்வேக்கு வெளியவே நின்னுக்கலாம், கொஞ்சம் எரிபொருள் போகும், போகட்டும். போயே ஆகணும்னா, எந்தப் பக்கம் குதிக்கிறாங்கன்னு ஜம்ப் பைலட்ட கேட்டுட்டு அதுக்கு எதிர்ப்பக்கமா திரும்பி, தாழவே இருந்து தூரம் போனதுக்கப்புறம் ஏறலாம்.

வெளியூர்ல இருந்து வர்ற பைலட்டுங்க அதிகமா பண்றது, சார்ட்ல (பைலட்டுங்க பாக்குற வரைபடம்) பாராசூட் குறி இருக்குறத பாக்காம விடுறது, இல்லன்னா வருஷம் முழுக்க இருக்குற நோட்டாம்தானேன்னு (பைலட்டுங்களுக்கு விடுற எச்சரிக்கை அறிவிப்பு) தள்ளி விடுறது. ஃபீல்டுக்கு நேர் மேல பறந்து காத்து திசைய பாத்துட்டு இறங்குற பழக்கமும் சிலருக்கு இருக்கு, வேற ஃபீல்டுல அது நல்ல பழக்கம், ஜம்ப் நடக்குற ஃபீல்டுல செய்யவே கூடாது.

குதிக்கிறவங்க பக்கமும் சொல்லியாகணும். லைட் பச்சை ஆனதும் கதவுல இருந்து அப்படியே போயிடுற பழக்கம் இப்ப ஜாஸ்தியாயிடுச்சு, ஜிபிஎஸ் இடத்த சரியா காட்டுதுங்கிறதால தலைய வெளிய நீட்டி நேரா கீழ பாக்குற வேலைய விட்டுட்டாங்க. ஜிபிஎஸ் இடத்த காட்டும், அந்த இடத்துல ஏறிட்டு இருக்குற விமானத்த காட்டாது. மொதல்ல போறவர் தலைய நீட்டி, ரன்வே, ரன்வேயில இருந்து வெளிய போற பாதை, காத்து வர்ற பக்கம், மூணையும் பாத்துட்டுத்தான் போகணும், சந்தேகமா இருந்தா கைய காட்டி நிறுத்தணும். மேகத்துல ஒரு ஓட்டை தெரியுதேன்னு அதுக்குள்ள குதிக்கிறது அதவிட மோசம். 10,000 அடிக்கு மேல மேகத்துல இருந்து பக்கவாட்டுல ஒரு மைலும் மேலயும் கீழயும் 1,000 அடியும் தள்ளி இருக்கணும்னு எஃப்ஏஏ சொல்றது சும்மா இல்ல, மேகத்துக்குள்ள இருந்து ஏறி வர்ற விமானம் திடீர்னு வெளிய வரும், ரெண்டு பேருக்கும் பாக்க நேரமே கிடைக்காது.

இதெல்லாம் தெரிஞ்சும் தவறு நடக்குறதுக்குக் காரணம் பெரும்பாலும் அவசரம்தான்னு நான் நினைக்கிறேன். கீழ அடுத்த லோடு, அதாவது குதிக்கப் போற அடுத்த கூட்டம், காத்துட்டு இருக்கு, இன்னொரு சுத்து சுத்தி வந்தா எரிபொருள் செலவு, குதிக்கிறவங்களும் முகத்த சுளிப்பாங்க. அந்த அழுத்தத்துலதான் பைலட் "கீழ வர்ற விமானம் அதுக்குள்ள போயிடும்"னு நினைச்சு அனுப்பிடுறார். இன்னொரு சுத்துன்னா சில நிமிஷம்தான். அத கேள்வி கேக்காம ஏத்துக்கிற இடமா உங்க டிராப் ஸோன் (ஸ்கைடைவிங் நடக்குற இடம்) இருக்கணும், சுத்தி வந்த பைலட்ட யாரும் திட்டக்கூடாது. எல்லாரையும் இறக்கி விட்டதும் அதே பைலட் அடுத்த லோடுக்காக மூக்க கீழ தள்ளி வேகமா இறங்குவார், அப்ப அவரே கிளம்புற விமானத்துக்கு ஆபத்து, அதனால எந்தப் பக்கமா இறங்குறார்னு ரேடியோவுல சொல்லிட்டே வரணும், கேனோப்பிங்க மிதக்குற பக்கம் வரவே கூடாது.

கேனோப்பி திறந்துட்டா ஆபத்து போயிடுச்சுன்னும் இல்ல. அவரால மேல ஏற முடியாது, தாழ வந்த பிறகு வேகமா திரும்பினா தரையில மோதிடுவார், பக்கத்துல பெரிய விமானமோ ஹெலிகாப்டரோ போனா அது கிளப்புற காத்துலயே கேனோப்பி சுருங்கிடலாம். அதனால குதிக்கிறவங்க ரன்வேக்கு மேலயும் ரன்வேயோட ரெண்டு முனைக்கு மேலயும் தாழ கடக்கவே கூடாது, இறங்குற இடத்த ரன்வேக்கு ஒரே பக்கமா வச்சுக்கணும். கிளம்பக் காத்திருக்குற பைலட் விமானத்துல எத்தனை பேர் ஏறினாங்கன்னு கேட்டு வச்சுக்கிட்டு, தரைக்கு வந்த கேனோப்பிய எண்ணிப் பாத்து, எண்ணிக்கை சரியா வந்ததுக்கப்புறம் த்ராட்டில் கொடுத்துக் கிளம்பலாம்.