தமிழ்ப்பள்ளித் திடலில் ஒரு குழாயை நட்டுப் பூமியை அளப்பது எப்படி

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தெனிஸ் என்ற கிரேக்க அறிஞர், ஆண்டின் மிக நீண்ட பகலுடைய நாளில் உச்சிவேளையில் சையீனில் (இன்றைய அஸ்வான்) நிழல் விழுவதில்லை என்பதையும், அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் விழும் நிழல் 7.2 பாகைக் கோணம் காட்டுவதையும் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணித்தார். 7.2 பாகை வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு என்பதால், இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள 5,000 ஸ்டேடியாவை (பழங்கிரேக்க நீள அளவு) ஐம்பதால் பெருக்கி 250,000 என்றார்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்குச் சையீன் தேவையில்லை. மார்ச் 20, செப்டம்பர் 23 ஆகிய நாள்களை ஒட்டிச் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருவதால், அன்று அந்தக் கோடு முழுவதும் சையீன்தான்.

இரண்டு மீட்டர் உயரமுள்ள பிவிசி குழாயைத் திடலில் நட்டு, தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் நேர் பாருங்கள். நிழல் வடக்கே விழும். ஆகவே குழாயின் வடபுறம் ஒரு மீட்டர் அகலப் பிளைவுட் பலகையை வைத்து, ரசமட்டத்தால் சமப்படுத்துங்கள். சூரியன் புள்ளியன்று, வட்டு. அதனால் மெல்லிய குழாயின் நுனி நிழல் மங்கிக் கரைந்துவிடும். குழாயின் உச்சியில் ஏழெட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள வட்ட அட்டையைப் படுக்கையாக ஒட்டி, அதன் நிழலின் நடுப்புள்ளியையே குறியுங்கள். உயரத்தையும் பலகையின் மேற்பரப்பிலிருந்து அட்டை வரை அளக்க வேண்டும்.

கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது அளப்பவர்களே அதிகம். இங்கு அது தவறு. 1982-இல் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்தள்ளப்பட்டதிலிருந்து, நம் ஊரின் உண்மையான உச்சிவேளை மார்ச்சில் ஏறத்தாழ 1.23-க்கும் செப்டம்பரில் 1.08-க்கும் வருகிறது. பன்னிரண்டே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பென்சிலால் குறித்து வாருங்கள். இந்த நாள்களில் மட்டும் அப்புள்ளிகள் கிழக்கு மேற்காக ஒரே நேர்கோட்டில் அமையும். எனவே நடுவில் மேகம் மறைத்தாலும் கவலையில்லை. கிடைத்த புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டு, குழாயின் அடி மையத்திலிருந்து அக்கோட்டுக்குச் செங்குத்தாக அளந்தால் அதுவே உச்சிவேளை நிழல்.

நீளம் 16.8 சென்டிமீட்டர் என்றால், அதை உயரமான 200-ஆல் வகுத்து வரும் 0.084 என்ற விகிதம், கணிப்பானின் tan⁻¹ விசையில் 4.8 பாகையைத் தரும். வட்டத்தில் அத்தகைய 75 பங்குகள் உண்டு. வரைபடத்தில் நிலநடுக்கோடு நமக்கு நேர் தெற்கே ஏறத்தாழ 530 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், சுற்றளவு 39,750 கிலோமீட்டர். உண்மை அளவு ஏறத்தாழ 40,000. வரைபடத்தின் தொலைவை எடுத்துக்கொள்வது சற்றே குறுக்குவழிதான், ஆனால் கடலைக் கடந்து சுமத்ராவுக்குள் நடந்து அளக்க யாரும் வரப்போவதில்லை.

நிழலை ஒரு சென்டிமீட்டர் கூட்டி அளந்துவிட்டால் விடையில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் குறையும். ஆகவே கோட்டைப் போடுவதற்கு முன் தூக்குக்குண்டை மறுபடியும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.