கால்நடை மருத்துவருக்குப் பழைய கருவி கொடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மருத்துவமனையில் புது மெஷின் வந்ததும் பழைய ஸ்கேன், எக்ஸ்ரே, ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் மெஷின்) எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். அவற்றைக் கால்நடை மருத்துவருக்கோ நாய்க் காப்பகத்துக்கோ கொடுப்பது மிக நல்ல காரியம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் "சும்மாதானே கொடுக்கிறோம், நம்மை யார் கேட்பார்கள்" என்ற நினைப்பில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

நல்லெண்ணத்தில் உதவுபவரைச் சட்டம் காக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு உதவுபவருக்கு மட்டுமே பொருந்தும். கருவி கொடுப்பவர் அதை நம்பி இருக்க முடியாது.

இருப்பதிலேயே பெரிய தவறு, ஸ்கேன் மெஷினைப் பேச்சளவில் கைமாற்றுவது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் கீழ் உள்ள விதி 3ஏ, பாலினம் காட்டக்கூடிய எந்த மெஷினையும் இந்தச் சட்டத்தின் கீழ் பதிவில்லாதவருக்கு விற்கவோ வழங்கவோ கூடாது என்கிறது. பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒன்றுதான். "மாட்டுக்குச் சினை பார்க்கத்தான் கொடுத்தேன்" என்று பிறகு சொல்வது போதாது, ஏனென்றால் அதே மெஷினால் மனிதக் கருவையும் பார்க்க முடியும். அதனால் வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே மெஷினின் மாடல், வரிசை எண், வாங்கப்போகும் மருத்துவரின் கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, மாவட்டத்தில் இந்தச் சட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரிக்கு எழுதுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். உங்கள் மையத்தின் கருவிகளில் வரும் மாற்றத்தை 30 நாள் முன்பே தெரிவிக்க வேண்டிய கடமையும் தனியாக இருக்கிறது.

எக்ஸ்ரே மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். உங்கள் பெயரில் உள்ள உரிமத்தை அப்படியே விட்டுவிட்டு மெஷினை மட்டும் அனுப்பினால், ஏடுகளில் அதற்குப் பொறுப்பாளர் நீங்கள்தான். 2010இல் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. பழைய இரும்புக் கடையில் வேலை செய்த ஒருவர் இறந்தே போனார். மின்சாரம் இல்லாத எக்ஸ்ரே மெஷினிலிருந்து கதிர் வராது, உண்மைதான். ஆனாலும் கைவிட்ட கருவி யார் கைக்குப் போகிறது என்று பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கசப்பான பாடம் இல்லை.

அப்புறம், பழுதை மறைப்பது. மயக்க மருந்து மெஷினில் கசிவு இருப்பது தெரிந்தும் சொல்லாமல் கொடுத்தால், ஆபத்து நாய்க்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கும்தான். இரவலாகக் கொடுத்தாலும் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 150ஆம் பிரிவு, தெரிந்த பழுதைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. வாடகை வாங்கினால் தெரியாத பழுதுக்கும் நீங்களே பொறுப்பு. பராமரிப்புச் செலவுக்கென்று மாதம் ஒரு சிறு தொகை வாங்க நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

"எதற்கும் நான் பொறுப்பல்ல" என்று ஒரு வரியில் கையெழுத்து வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்தத் தாள் உங்களையும் மருத்துவரையும்தான் கட்டும், அடிபட்ட மூன்றாவது ஆளைக் கட்டாது. கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, என்ன பழுது, கையேடு தரப்பட்டதா, இரவலா நிரந்தரமா என்று விவரமாக எழுதிய கடிதம்தான் பயன்படும்.

மெஷினில் இருக்கும் நோயாளிகளின் பெயர்களையும் படங்களையும் அழித்துவிடுங்கள். ஓடவே ஓடாத கருவி என்றால் நன்கொடைப் பட்டியலில் சேர்க்காமல், பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.