கேஎல் (மலேசியாவோட கோலாலம்பூர்) ஏர்போர்ட்ல நடுராத்திரி இறங்குறீங்களா?

திருச்சி, சென்னைல இருந்து சீப் டிக்கெட் எடுத்தா பாதி நேரம் டெர்மினல் 2ல ராத்திரி 12 மணிக்கு மேலதான் கொண்டுபோய் இறக்குவான். அங்க போய்ச் சேர்றதுக்கு முந்தின 3 நாளைக்குள்ள மலேசியாவோட டிஜிட்டல் அரைவல் கார்டு (நாட்டுக்குள்ள நுழையுறதுக்கான ஃபார்ம்) ஆன்லைன்ல போட்டுடுங்க, அது ஃப்ரீ, காசு கேக்குற சைட்டுன்னா உடனே வெளிய வந்துடுங்க.

நீங்க வெளிய வர்றதுக்குள்ள ட்ரெயின் பெரும்பாலும் நின்னுருக்கும், மீட்டர் டாக்ஸில மிட்நைட் சார்ஜ் 50% ஏத்துவாங்க. என்னைக் கேட்டா விடியுற வரை அங்கயே இருந்துடலாம், வெளிய வந்தா ஒட்டுனாப்லயே மால் இருக்கு, ஒரு தே தாரிக் (அந்த ஊர் ஆத்துன பால் டீ) வாங்கிட்டு ப்ளக் பாயின்ட் பக்கமா உக்காந்துக்கங்க. ஏசி எலும்பு வரைக்கும் ஏறும், ஒரு போர்வையோ லுங்கியோ கைப்பைலயே வச்சுக்கங்க (என் போர்வை செக்-இன் பெட்டில தூங்குச்சு, நான் தூங்கல).

காலைல லெவல் 1ல கேஎல் சென்ட்ரல் (சிட்டியோட மெயின் ரயில் ஸ்டேஷன்) போற பஸ் பிடிங்க, எக்ஸ்பிரஸ் ட்ரெயின் 55 ரிங்கிட், பஸ்ஸுக்கு அதுல பாதிகூட ஆகாது.