நெறியாளர் மறைந்த பிறகு மாணவர்கள் செய்ய வேண்டியவை

முனைவர் பட்ட ஆய்வுக்கு நெறியாளராக இருந்த ஒருவர் காலமானார் என்ற செய்தி வந்ததும், பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் எழுவது கூட்டம் எப்போது, அரங்கு எது என்ற கேள்விதான். அதைப் பத்து நாள் தள்ளிவைக்கலாம் என்பது என் கருத்து. வீட்டுக்குச் சென்று துக்கம் விசாரித்த பின், அவரிடம் அப்போது ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவர்கள் யார் யார், அவர்களுடைய இயல்கள் எந்த நிலையில் நிற்கின்றன என்று கேட்டறிவதே முதல் வேலை. நெறியாளர் மாற்றத்துக்கு அவர்கள் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். புதிய நெறியாளர் அமையும்வரை மூத்த மாணவர் ஒருவர் அந்த இயல்களைப் படித்துக் கருத்துச் சொல்ல முன்வந்தால், ஐயா உயிரோடு இருந்திருந்தால் செய்திருக்கக்கூடிய காரியம் ஒன்று தடைபடாமல் நடக்கும்.

அடுத்தது எழுதுவது. பிறந்த ஆண்டு, பணியாற்றிய கல்லூரிகள், ஆய்வேட்டின் தலைப்பு, நூல்கள் வெளிவந்த ஆண்டுகள் ஆகியவற்றைக் குடும்பத்தாரிடமும் நூல்களின் முதல் பக்கங்களிலும் சரிபார்த்த பிறகே நாளிதழுக்கோ நினைவு மலருக்கோ அனுப்ப வேண்டும். இரங்கல் குறிப்பில் விழும் பிழை பிற்காலத்தில் மேற்கோளாகிவிடும். தகவல்களுக்கு அப்பால், ‘ஈடு இணையற்ற பேரறிஞர்’, ‘தாயுள்ளம் கொண்டவர்’ என்ற அடைமொழிகளை நம்பாமல், அவர் செய்த ஒரு செயலைப் பார்த்தபடி எழுதுங்கள். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டில், சிறிதளவு கள் கிடைத்தால் அதை எமக்கே தந்துவிடுவான் என்பதும், நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான் என்பதும்தான் நெஞ்சில் நிற்கின்றன. வள்ளன்மை என்றால் என்னவென்று அந்தக் கை காட்டிவிடுகிறது.

எங்கள் ஐயா திருவல்லிக்கேணியில் மாடி வீடு ஒன்றில் குடியிருந்தார். என் இரண்டாம் இயலைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு வரியைக்கூட அவர் அடிக்கவில்லை. ஓரத்தில் பென்சிலால் ‘இதை யார் சொன்னது? எந்தப் பக்கம்?’ என்று மட்டும் பதினேழு இடங்களில் எழுதியிருந்தார். பிறகு அவரே எழுந்துபோய் அலமாரியிலிருந்து நான்கு புத்தகங்களை எடுத்து, நான் பார்க்க வேண்டிய பக்கங்களில் பழைய பஸ் டிக்கெட்டுகளை அடையாளமாக வைத்து, செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். மலருக்கு நான் எழுதியது இதை மட்டுமே.

உடனே எழுத வராதவர்கள் வருந்த வேண்டாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதிய ஆசிரியர் வரலாறு 1933, 1934ஆம் ஆண்டுகளில்தான் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ஆனால் குறிப்பெடுப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. அவருடன் படித்தவர்களும் பணியாற்றியவர்களும் முதியவர்களாக இருப்பார்கள். அவர்களை இப்போதே நேரில் கண்டு, அனுமதி பெற்றுக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும்.

படத்திறப்பும் நினைவேந்தலும் பதினாறாம் நாளுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அமைந்தால், தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் வருவோர்க்கு எளிது. பேசுவோர்க்கு ஏழு நிமிடம் போதும். அவரிடம் கடைசியாகச் சேர்ந்த மாணவரை முதலில் பேசவிடுங்கள்; பிரமுகர்கள் காத்திருக்கலாம். வீட்டாரைப் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. அறக்கட்டளைச் சொற்பொழிவு நிறுவ விரும்பினால் வட்டியைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 7 விழுக்காடு வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 7,000 ரூபாய்தான் தரும். சொற்பொழிவைவிட ஏழை மாணவர் இருவரின் தேர்வுக் கட்டணத்துக்கு அத்தொகை பொருந்தும்.

எல்லாவற்றிலும் கடினமானது அவருடைய நூல்களைக் காப்பது. வாடகை வீடாக இருந்தால் காலிசெய்யும் அவசரத்தில் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும்; சென்னையின் ஈரக்காற்றும் கரையானும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்நகரில் எந்த நூல் தொகுப்பையும் தரைத்தளத்தில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. குடும்பத்தாரின் ஒப்புதலோடு முதலில் பட்டியல் எடுங்கள். பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பட்டியலைக் காட்டி, எவற்றை ஏற்பார்கள் என்று கேட்ட பிறகே பெட்டிகளைக் கட்ட வேண்டும். பக்க ஓரப் பென்சில் குறிப்புள்ள படிகளைத் தனியே வையுங்கள். கடைகளில் கிடைக்கும் நூலாக இருந்தாலும் அந்தப் படி வேறெங்கும் கிடைக்காது. பதிப்புரிமை வாரிசுகளுக்கு உரியது. அவர் வாழ்நாளில் வெளிவந்த நூல்களுக்கு அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். ஆகவே கட்டுரைகளைத் தொகுப்பதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் எழுத்துவழி இசைவு பெற வேண்டும்.

பட்டியல் முடியும் தறுவாயில் மாணவர்கள் தத்தம் வீட்டு அலமாரிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஐயாவின் கையெழுத்திட்ட புத்தகங்கள் என்னிடம் மூன்று இருந்தன. பஸ் டிக்கெட்டுகளை எடுக்காமல் அப்படியே கொண்டுபோய் அவர் மகளிடம் கொடுத்தேன்.