பொழுது விடியும்வரை: நிச்சயமில்லாத நாட்களில் ஜெபத்தில் நிலைத்திருக்க ஒரு வழிகாட்டி

வேலை நிலைக்குமா, பரிசோதனை முடிவு என்னவாக வரும், பிள்ளையின் காரியம் எங்கே போய் முடியும் என்று தெரியாத நாட்களில் விசுவாசிகள் முதலில் தேடுவது ஓர் உத்தரவாதத்தை. "எல்லாம் நல்லபடியாக முடியும்" என்று கர்த்தர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மற்றதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். பலருக்கும் கால் வழுக்குவது இங்கேதான். வேதம் எல்லாக் காரியத்துக்கும் அப்படி உத்தரவாதம் எழுதிக் கொடுப்பதில்லை.

அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பவுல் கைதியாகப் போன கப்பலில் 276 பேர். பதினான்கு நாள் புயல். தேவதூதன் மூலம் வந்த வாக்கு ஆட்களின் உயிருக்கு மட்டுமே. கப்பல் சேதமாகும் என்பதையும் பவுல் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகும் அங்கே வேலை நிற்கவில்லை. ஆழம் பார்க்கிறார்கள், நங்கூரம் போடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், கோதுமையைக் கடலில் கொட்டுகிறார்கள், பொழுது விடியக் காத்திருக்கிறார்கள். கீழே சொல்லியிருப்பவையும் அதே மாதிரியான சின்னச் சின்ன வேலைகள்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். முதல் வாரம் முதல் இரண்டு மட்டும் போதும்.

ஆழம் பாருங்கள்

நள்ளிரவில் கரை பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றியதும் மாலுமிகள் ஆழம் அளக்கும் கயிற்றை விழுதுவிட்டுப் பார்த்தார்கள். இருபது பாகம் (ஆழத்தை அளக்கும் பழைய அளவு). சற்று அப்புறம் போய் மறுபடியும் விட்டார்கள். பதினைந்து பாகம். பயத்துக்கு ஓர் அளவு கிடைத்ததும் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துவிட்டது.

ஒரு தாள், பேனா, பதினைந்து நிமிடம். போனில் எழுத வேண்டாம். கை உடனே வேறு எங்காவது போய்விடும். மேலே தேதி போட்டு, தாளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பகுதியில் உறுதியாகத் தெரிந்தது. இரண்டாவதில், தெரியாது ஆனால் பயப்படுவது. மூன்றாவதில், இந்த வாரம் என் கையில் இருப்பது. முதல் பகுதி நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இரண்டாவது பகுதியில்தான் கவனம் தேவை. ஒவ்வொரு பயத்தையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். "பணம்" என்று ஒரு சொல் மட்டும் எழுதினால் அது இரவெல்லாம் வளரும். "மூன்று மாதத்துக்குப் பிறகு வாடகை கட்ட முடியாமல் போகலாம்" என்று எழுதினால் அதற்கு ஓர் எல்லை வந்துவிடும்.

பிறகு இரண்டாம் பகுதியின் ஒவ்வொரு வரியையும் ஒரு விண்ணப்பமாக மாற்றுங்கள். "எல்லாவற்றையுங்குறித்து உங்கள் விண்ணப்பங்களை ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும் வேண்டுதலினாலும் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள்" என்று பிலிப்பியர் 4:6 சொல்கிறது. அதை எழுதிய பவுல் அப்போது கைதியாகக் கட்டப்பட்டிருந்தார். தனக்கு வரப்போவது ஜீவனா மரணமா என்பதே முடிவாகாத நிலையை அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில் பேசுகிறார். கவலைப்படாதே என்று கரையில் நின்று சொன்ன வார்த்தை இல்லை இது.

இங்கே நடக்கும் தவறு, ஜெபத்தைப் பொதுவாக வைத்துக்கொள்வது. "ஆண்டவரே, எல்லாத்தையும் பார்த்துக்கொள்ளும்" என்று முடித்துவிட்டால் பாரம் இறங்கியதுபோல் இருக்கும், ஆனால் படுத்த ஐந்தாவது நிமிடம் அது திரும்பி வந்துவிடும். எதை ஒப்புக்கொடுத்தோம் என்று நமக்கே தெரியாததுதான் காரணம்.

புலம்பத் தெரிந்துகொள்ளுங்கள்

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகை. ஆனாலும் நாம் மனப்பாடம் செய்து வைத்திருப்பது பெரும்பாலும் 23, 91, 121. ஆறுதல் சங்கீதங்கள் மட்டுமே கையில் இருப்பவருக்கு, ஆறுதல் எட்டாத நாளில் ஜெபிக்க வார்த்தை கிடைப்பதில்லை. அதனால்தான் பலர் அந்த நாட்களில் ஜெபத்தையே விட்டுவிடுகிறார்கள். விசுவாசம் போனதாக அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்களுக்குத் தீர்ந்துபோனது வார்த்தைதான்.

சங்கீதம் 13இல் தொடங்குங்கள். திருவிவிலியம் வைத்திருப்பவர்களுக்கும் திருப்பாடல் 13தான். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் முறையீடு: "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு முறை வருகிறது, நான்கும் கர்த்தரின் முகத்துக்கு நேராகக் கேட்கப்படுகிற கேள்வி. மூன்றும் நான்கும் விண்ணப்பம். ஐந்தும் ஆறும் நம்பிக்கை.

செய்யும் முறை இது. சத்தமாக ஒருமுறை வாசியுங்கள். தனியாக இருக்க இடமில்லை என்றால் உதடு அசைந்தால் போதும். பிறகு அதே மூன்று கட்டத்தில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். முறையீடு நான்கைந்து வரி, விண்ணப்பம் இரண்டு மூன்று, நம்பிக்கை ஒரே வரி. முறையீடு நீளமாக இருப்பதில் தப்பில்லை. எழுதியதை மறுபடி ஜெபமாக வாசியுங்கள். மொத்தம் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு வாரம் இதே சங்கீதத்தையே வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் 42க்கும் 43க்கும் போங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற கேள்வி அந்த இரண்டிலும் சேர்த்து மூன்று முறை வருகிறது. தன் மனதைப் பார்த்துத் தானே கேட்கும் பழக்கம் அது. முதல் தடவையிலேயே கலக்கம் தீர்ந்திருந்தால் மூன்று முறை கேட்க வேண்டியிருக்காது.

கெட்டுப்போவது எங்கே? பெரும்பாலும் ஐந்தாம் வசனத்துக்கு அவசரமாகத் தாவுவதில். முறையிடுவது பாவம் என்று சிறுவயதிலிருந்து கேட்டவர்கள் முதல் இரண்டு வசனத்தை மூச்சுவிடாமல் கடந்து போய் நம்பிக்கை வரியைப் பெரிதாகச் சொல்வார்கள். உள்ளே இருக்கும் கோபம் அப்படியே இருக்கும். கொஞ்ச நாளில் அது வீட்டில் இருப்பவர்கள்மேல் இறங்கும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததையும் தாவீது முறையிட்டதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் வினை இது. அவர்கள் மோசேக்கு விரோதமாகத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இவன் கர்த்தரிடமே போய்ச் சொன்னான்.

நம்பிக்கை வரி எழுதவே வராத நாளும் உண்டு. அன்றைக்கு சங்கீதம் 88. அது கடைசி வசனம்வரை வெளிச்சத்துக்கு வருவதே இல்லை. அப்படியொரு ஜெபத்தையும் வேதம் தனக்குள் வைத்திருக்கிறது. வாசித்துவிட்டு ஆமென் சொல்லி எழுந்துவிடுங்கள். செயற்கையாக ஒரு ஸ்தோத்திரத்தை ஒட்டவைக்க வேண்டாம்.

நேரத்தைக் கட்டிப்போடுங்கள்

தானியேல் தினம் மூன்று வேளை ஜெபித்தான் (தானியேல் 6:10). ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் விண்ணப்பம் செய்யக் கூடாது என்ற கட்டளை வந்த அன்று புதிதாக எதையும் தொடங்கவில்லை, முன் செய்துவந்தபடியே செய்தான். கர்த்தர் கற்பித்த பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி ஆதித்திருச்சபையின் போதனை நூலான திதாகே கற்பிக்கிறது. மனம் தடுமாறும்போது மனதின் தூண்டுதலுக்காகக் காத்திருக்கக் கூடாது என்பது பழைய அனுபவம்.

காலை, மதியம், இரவு. காலையில் இருபது நிமிடம், மதியம் இரண்டு நிமிடம், இரவில் பத்து நிமிடம். மதியத்தில் பரமண்டல ஜெபம் மட்டும் போதும். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஏதாவது வேலையோடு அதை முடிச்சுப் போடுங்கள்: சாப்பிட உட்காரும் முன், வண்டியை நிறுத்தியதும். அலாரத்தை நம்பினால் நான்காம் நாள் அதை அணைத்துவிட்டு மறந்துவிடுவோம். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளையில் தொடருங்கள், தவறியதைச் சேர்த்துச் செய்யாதீர்கள். கடன்போல் சேர ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் முழுவதையும் கைவிடுவோம்.

காலையில் ஜெபத்துக்கு முன் செய்தி பார்க்காதீர்கள். செய்தியே வேண்டாம் என்பதில்லை. மாலையில் ஒரு தடவை, பதினைந்து நிமிடம். இரவு படுக்கும் முன் பார்ப்பதுதான் மிகமோசம்.

நாளைக்கு எவ்வளவு

"அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" (மத்தேயு 6:34) என்பதைக் காட்டித் திட்டமிடுவதையே விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். யாத்திராகமம் 16ஐச் சேர்த்து வாசித்தால் இந்தக் குழப்பம் தீரும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த உணவான மன்னாவைத் தலைக்கு ஓர் ஓமர் அளவு, அன்றன்றைக்குச் சேர்க்க வேண்டும். விடியும்வரை மீதிவைத்தது பூச்சிபிடித்து நாறியது. ஆனால் ஓய்வுநாளுக்கு முந்தின ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்க்கச் சொன்னதும் அதே கர்த்தர்தான். அது கெட்டுப்போகவில்லை. முன்னேற்பாடு வேறு, பதுக்கி வைக்கும் பயம் வேறு.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய சோதனை உண்டு. வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் உட்கார்ந்து, முதல் தாளின் மூன்றாம் பகுதியைப் பாருங்கள். யோசனை ஒரு செயலில் போய் முடிந்தால், அதாவது ஒரு விண்ணப்பம் அனுப்புவது, ஒரு செலவைக் குறைப்பது, ஒருவரைச் சந்திப்பது என்று முடிந்தால், அது திட்டம். ஒரே யோசனை மூன்றாவது சுற்று வந்தும் செயல் எதுவும் பிறக்கவில்லை என்றால் பேனாவை மூடிவிட்டு அதை இரண்டாம் பகுதிக்கு, அதாவது ஜெபத்துக்கு, மாற்றுங்கள்.

வாக்குத்தத்தங்களைக் கையாளுவது

நெருக்கடியில் வேதத்தைக் கண்மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விடுங்கள். நல்ல வசனம் வரும்வரை புரட்டத்தான் தோன்றும். எந்த வாக்குத்தத்தத்தையும் எடுக்கும் முன் அதற்கு முந்திய பத்து வசனத்தையும் பிந்திய பத்து வசனத்தையும் வாசிக்க வேண்டும்.

எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று எங்கும் சொல்லப்படும் வசனம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். பத்தாம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று இனிப்பாகச் சொன்னவன் முந்திய அதிகாரத்தில் வரும் அனனியா, அவன் கள்ளத்தீர்க்கதரிசி. ஐந்தாம் வசனமோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. ஆகவே அந்த வாக்கைப் பிடித்துக்கொள்பவர் செய்யவேண்டியது, நெருக்கடி முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கும் சாதாரண வேலைகளில் ஒன்றை இந்த வாரமே தொடங்குவது.

உடம்பும் உடன் இருப்பவர்களும்

சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. எலியா தூங்கினான்; தூதன் அவனை எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான்; மறுபடி தூங்கவிட்டு மறுபடியும் சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19). கர்த்தரோடு பேச்சு நடந்தது அதற்குப் பிறகு. கப்பலில் பவுல் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணிப் புசித்த பிறகுதான் மற்றவர்களும் திடமனதடைந்து சாப்பிட்டார்கள். பதற்றத்தில் தொடங்கும் உபவாசம் பெரும்பாலும் பதற்றத்தைக் கூட்டும். முதலில் ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்கப் பாருங்கள். உபவாசத்தைப் பிறகு யோசிக்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, வேலை ஓடவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்பவர் எந்த ஊழியராக இருந்தாலும் அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். பவுலோடு இருந்த லூக்கா வைத்தியர்.

ஆட்களில் இருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவருக்குப் பாரம். பத்துப் பேர் என்றால் செய்தியாகிவிடும். "எனக்காக ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், என்ன காரியம், எந்தத் தேதி, அன்று எத்தனை மணி என்று சொல்லுங்கள். ஆலோசனை வேண்டாம், கேட்டால் போதும் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதி மனவருத்தம் அதில் தவிரும். ஞாயிறு ஆராதனையை விடாதீர்கள். பாட்டு வாயில் வராவிட்டாலும் பாடுகிறவர்களின் நடுவில் உட்கார்ந்திருங்கள். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்தபோது இயேசு கண்டது "அவர்கள்" விசுவாசத்தை (மாற்கு 2:5).

எதுவும் உணராத நாட்களில்

இதையெல்லாம் செய்தும் சமாதானம் வரவில்லை என்று மூன்றாம் வாரத்தில் சலிப்பு வரும். செய்தது தப்பு என்று அர்த்தமில்லை. கெத்செமனேயில் இயேசு மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் (மத்தேயு 26:44). நீங்கும்படி அவர் கேட்ட பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. ஆனாலும் சீஷர்களிடம், "எழுந்திருங்கள், போவோம்" என்றார். உணர்வை அளக்காதீர்கள். அளக்கத்தான் வேண்டும் என்றால் வேறொன்றை அளந்து பாருங்கள்: இந்த வாரம் செய்யவேண்டிய கடமைகளில் எத்தனையைச் செய்தேன், வீட்டில் எத்தனை முறை சீறினேன். நிலைத்தன்மை முதலில் அங்கேதான் தெரியும், நமக்கு முன்பே வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

சந்தேகம் எழுந்தால் அதற்கும் ஆயத்தமான ஜெபம் இருக்கிறது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24). அதைச் சொன்ன தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை.

முடிவு தெரியவரும் நாளுக்கும் முன்பே ஏற்பாடு செய்துவையுங்கள். அன்று காலை வழக்கமான அதே சங்கீதம், அதே இருபது நிமிடம். பெரும்பாலும் விட்டுப்போவது அந்த நாளில்தான். நல்ல செய்தி என்றால் சந்தோஷத்தில் மறந்துவிடும், கெட்ட செய்தி என்றால் கோபத்தில். மாலையில் முதல் தாளை எடுத்து, பயந்தவற்றில் நடந்ததற்கும் நடக்காததற்கும் பக்கத்தில் குறித்துவையுங்கள். அந்த இரண்டு பேருக்கும் சொல்லிவிடுங்கள். அவர்கள் இன்னும் ஜெபித்துக்கொண்டிருப்பார்கள்.