ஓவர்லே எஃப்எஸ் காப்பி-அப் நிரலை மதிப்பாய்வு செய்யும் முறை

கீழடுக்கு, மேலடுக்கு என்ற கோப்புத் தொகுப்புகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒரே தொகுப்பாகக் காட்டும் கோப்பு முறைமையான ஓவர்லே எஃப்எஸ், லினக்ஸ் 3.18 பதிப்பில் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்) வந்தது. கீழடுக்கில் உள்ள கோப்பை ஒருவர் மாற்ற முற்படும்போது அதை மேலடுக்குக்கு நகலெடுக்கும் வேலையின் பெரும்பகுதி 'காப்பி அப்' என்ற ஒரே சி கோப்பில் இருக்கிறது. அதைத் தொடும் பேட்ச்சை (நிரல் மாற்றத்தை) மதிப்பாய்வு செய்கிறவர் வரிகள் நிற்கும் வரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படி 1: மாறிய வரிகளுக்கு, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டு, பழைய கமிட் குறிப்புகளைப் படியுங்கள். எடிட்டரில் வரையறைக்குத் தாவும் வசதியைவிட இதையே நான் நம்புகிறேன். ஒரு வரி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது அந்தக் குறிப்புகளில்தான் கிடைக்கும்.

படி 2: பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் லாக்கை) பாருங்கள். இரண்டு புராசஸ்கள் ஒரே கோப்பை நகலெடுக்க வரலாம் என்பதால், பூட்டைப் பிடித்த பிறகும் 'ஏற்கெனவே நகலாகிவிட்டதா' என்று மறுபடி சோதிக்க வேண்டும். பிழையோடு வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் பூட்டு விடுபட வேண்டும்.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம் இது. ஓவர்லேயின் வேலைக்கான தனிக் கோப்புறையான ஒர்க்டிரில் தற்காலிகக் கோப்பு உருவாகிறது. முதலில் தரவும், பிறகு எக்ஸ்ஆட்ரிபியூட்களும் (கோப்போடு ஒட்டியிருக்கும் கூடுதல் பண்புகளும்), அதன்பின் உரிமையாளர், அனுமதி, நேரம் ஆகியவையும் அதில் சேர்கின்றன. கடைசியில் ரீநேம் அல்லது லிங்க் மூலம் அது மேலடுக்கில் தன் இடத்துக்குப் போகிறது. எக்ஸ்ஆட்ரிபியூட்களைத் தரவுக்கு முன்னால் நகர்த்துவதில் தவறில்லை என்று நினைத்து நான் அப்படியே மாற்றினேன். கோப்பின் உள்ளடக்கம் ஒரு பைட்டும் பிசகாமல் இருந்ததால் பிழை கண்ணில் படவில்லை. பிறகு செட்கேப் கட்டளை மூலம் சிறப்பு உரிமை (கேப்பபிலிட்டி) கொடுத்த ஒரு நிரல் கோப்பைக் கீழடுக்கில் வைத்து, ஓவர்லே வழியாக, கோப்பின் நேரத்தை மாற்றும் டச் கட்டளையை இயக்கி, அந்த உரிமையைக் காட்டும் கெட்கேப் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது விடை வெறுமையாக வந்தது. கோப்பில் தரவை எழுதினால் கெர்னல் அதன் கேப்பபிலிட்டி எக்ஸ்ஆட்ரிபியூட்டைத் தானாகவே நீக்கிவிடும். ஆகவே இந்த டச், கெட்கேப் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள்.

படி 4: தரவை நகலெடுக்கும் லூப் ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 1 மெபிபைட் எடுக்கிறது, இடையில் கொல்லும் சிக்னல் வந்திருக்கிறதா என்றும் பார்க்கிறது. துளைகளை (கோப்பில் தரவே எழுதப்படாத வெற்றிடங்களை) அது தாண்டிச் செல்வதால், துளையில் முடியும் கோப்பின் அளவைக் கடைசியில் தனியாக அமைக்க வேண்டியிருக்கிறது. துளையில் முடியும் கோப்பு ஒன்றையும், 3 மெபிபைட்டுடன் ஒரு பைட் கூடுதலான கோப்பு ஒன்றையும் வைத்துச் சோதியுங்கள்.

படி 5: உரிமையாளர் எண்ணைச் சரிபாருங்கள். பயனர் நேம்ஸ்பேஸில் (தனிப் பயனர் எண்கள் கொண்ட தனிச் சூழலில்) மேப் ஆகாத எண்ணுடைய செட்யூஐடி கோப்பையும் (யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் கோப்பையும்) நகலெடுக்க அனுமதித்ததுதான் சிவிஇ-2023-0386 என்ற பாதுகாப்பு ஓட்டை. இப்போது அத்தகைய கோப்புக்கு நகலெடுப்பு பிழையோடு நின்றுவிடும். அந்தச் சோதனையைத் தாண்டிச் செல்லும் புதிய பாதை எதையும் ஏற்காதீர்கள்.

பின்சேர்க்கை: படி 4-இல் லூப் ஓடவே இல்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். இரண்டு அடுக்குகளும் பிடிஆர்எஃப்எஸ் போல ரீஃப்ளிங்க் (தரவை நகலெடுக்காமலே இரண்டு கோப்புகள் பகிரும் வசதி) உள்ள ஒரே கோப்பு முறைமையில் இருந்தால், லூப்புக்கு முன் முதலில் முயலப்படும், அந்த வசதியைப் பயன்படுத்தும் குளோனே வெற்றி பெற்றுவிடும். சோதனைக்கு ரீஃப்ளிங்க் இல்லாத எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் பயன்படுத்துங்கள், அல்லது கீழடுக்கை வேறொரு பார்ட்டிஷனில் வையுங்கள். மேலடுக்கும் ஒர்க்டிரும் மட்டும் ஒரே கோப்பு முறைமையில் இருந்தாக வேண்டும்.