திருநெல்வேலியில் இருந்து லூலூ மாலுக்கு ஜோடியாக ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

கொச்சி இடப்பள்ளியில் இருக்கும் லூலூ மாலுக்கு நானும் அத்தானும் இதுவரை மூன்று முறை போய் வந்திருக்கிறோம். முதல் முறை பெரிய சண்டை, இரண்டாம் முறை பாதிச் சண்டை, மூன்றாம் முறை சிரித்துக்கொண்டே ரயில் ஏறினோம். அது எப்படி என்று பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். மால் பக்கமே போகாதவர்களுக்காக எழுதுவது இது, விவரம் தெரிந்தவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

படி 1: டிக்கெட்

தூத்துக்குடியில் கிளம்பிப் பாலக்காடு போகும் பாலருவி எக்ஸ்பிரஸ்தான் நமக்கு வாய்த்த வண்டி. ராத்திரி பதினொன்றுக்கு மேல் ஜங்ஷனில் ஏறிப் படுத்தால் தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் எல்லாம் தூக்கத்திலேயே போய்விடும், காலையில் எர்ணாகுளம் டவுனில் இறங்கலாம். சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து வரும் பாலருவியில் ஏறினால் விடியுமுன் நம்ம ஊர். ரூம் வாடகை மிச்சம். நேரத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், டிக்கெட் எடுக்கும் அன்றைக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில்தான் ஏமாறுவோம். திருநெல்வேலியில் ஏறும்போது நள்ளிரவு தாண்டியிருக்காது, தென்காசியில் ஏறும்போது தாண்டிவிடும். ஆகவே தென்காசிக்காரர்கள் மறுநாள் தேதிக்குத்தான் எடுக்க வேண்டும். என் சித்தி மகள் தேதியை மாற்றி எடுத்துவிட்டு டி.டி.ஆர் முன்னால் நின்ற கதை தனி. சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம், செவ்வாய் புதன் போல ஒரு நாளாகப் பாருங்கள்.

படி 2: மெட்ரோ

எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷனை அங்கே நார்த் என்பார்கள். வெளியே வந்து முதலில் அப்பமும் கடலைக் கறியும் சாப்பிடுங்கள், கடைகள் எல்லாம் திறக்கப் பத்து மணி தாண்டிவிடும், அவசரமே இல்லை. அப்புறம் பக்கத்தில் டவுன் ஹால் மெட்ரோ நிலையம். தமிழிலேயே கேட்கலாம், நிதானமாகப் பேசினால் போதும், நம்ம வேகத்தில் பேசினால்தான் முழிக்கிறார்கள். ஆலுவா பக்கம் போகும் வண்டியில் ஏறி ஐந்தாவது நிறுத்தம் இடப்பள்ளி. உள்ளே போகும்போது காட்டியாகிவிட்டதே என்று டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள், வெளியே வரும் கதவும் அதையே கேட்கும். நிலையத்திலிருந்து மாலுக்குள் போக மேலேயே நடைபாதை இருக்கிறது, ரோட்டில் இறங்க வேண்டியதில்லை.

படி 3: சங்கிலி மண்டபம்

இதை மட்டும் ஒழுங்காகப் படியுங்கள். 2013-ல் திறந்த அந்த மால் 17 லட்சம் சதுர அடி என்று சொல்கிறார்கள். நம்ம நெல்லையப்பர் கோயில் 850 அடி நீளம், 756 அடி அகலம் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆறரை லட்சம் சதுர அடிதான் வருகிறது. அதாவது இரண்டரைக் கோயிலை மாடி மாடியாக அடுக்கி வைத்த மாதிரி.

முதல் முறை போனபோது அத்தான் "மேலே போய்ட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஏறினார். நான் ஒரு எஸ்கலேட்டர் பக்கம் நின்றேன், அவர் இறங்கி வந்து நின்றது வேறொரு எஸ்கலேட்டர் பக்கம். எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. என் போன் அவர் தோளில் தொங்கிய பைக்குள். முக்கால் மணி நேரம். கண்டுபிடித்ததும் அத்தனை பேர் முன்னால் "ஏட்டி, எங்கெல்லாம் தேடுறது உன்னய!" என்றார் பாருங்கள், அன்றைக்கு நான் திரும்பி வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே சுற்றுவதும் ஆகாது. சேலைக் கடையில் அவருக்கு என்ன வேலை, எலக்ட்ரானிக்ஸ் கடையில் எனக்கு என்ன வேலை? நம்ம ஊரில் சுவாமி கோயிலும் அம்பாள் கோயிலும் தனித்தனிதான், 1647-ல் வடமலையப்பப் பிள்ளையன் சங்கிலி மண்டபம் கட்டித்தான் இரண்டையும் சேர்த்தார். அதே ஏற்பாட்டை நீங்களும் செய்யுங்கள். உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்று, ரத வீதி சுற்றுகிற மாதிரி, எதுவும் வாங்காமல் சுற்றி வாருங்கள். அந்தச் சுற்றிலேயே ஒரு இடத்தைச் சங்கிலி மண்டபம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்கலேட்டர் அடி, லிப்ட் வாசல் இதெல்லாம் கூடாது. மெட்ரோவிலிருந்து நுழைந்த வாசல்தான் நல்லது, எங்கே தொலைந்தாலும் "மெட்ரோ" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். ஒன்றரை மணி நேரம் தனித்தனி, அப்புறம் அங்கே வந்து சேர வேண்டும். அவரவர் போன் அவரவர் கையில்.

படி 4: எஸ்கலேட்டர்

பயமாக இருந்தால் லிப்டில் போங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஏறுவதானால் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்து, மறு கையால் ஓடுகிற கைப்பிடியைப் பிடித்து, ஓரத்தில் கால் உரசாமல் படியின் நடுவில் நில்லுங்கள். மேலே போனதும் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, பின்னால் வருகிறவர் மேலே வந்து விழுவார்.

படி 5: சாப்பாடு

புட் கோர்ட்டில் ஒருவர் மேசையைப் பிடிக்க, ஒருவர் போய் வாங்க வேண்டும். பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள், ஒன்றரை மணிக்கு இடம் கிடைக்காது. பரோட்டா வாங்காதீர்கள், செங்கோட்டை பார்டரில் சாப்பிட்ட நாக்குக்கு வேறு எதுவும் பிடிக்காது. சின்ன அரிசியில் போடுகிற மலபார் பிரியாணி நன்றாக இருக்கும். சினிமாவும் அங்கேயே உண்டு, ஆனால் படத்தை நம்ம ஊர் வண்ணாரப்பேட்டையிலேயே பார்த்துக்கொள்ளலாம், மூன்று மணி நேரத்தை அங்கே கொண்டு போய்த் தொலைக்க வேண்டாம்.

படி 6: ஹைப்பர் மார்க்கெட், கடைசியாக

முதலிலேயே போனால் நாள் முழுக்க மூட்டை தூக்க வேண்டியதுதான். பழம், காய், எடை போட்டு விற்கும் பொருட்களை அந்தந்த இடத்திலேயே நிறுத்து ஸ்டிக்கர் ஒட்டி வாங்கிக்கொண்டு பில் போட வாருங்கள், இல்லாவிட்டால் வரிசையில் நிற்பவர்கள் முறைக்க முறைக்கத் திரும்ப ஓட வேண்டும். பலகாரப் பக்கம் விலைப் பலகை நூறு கிராமுக்கா, ஒரு கிலோவுக்கா என்று பாருங்கள். மீனைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், ராத்திரி முழுக்க ரயில். நேந்திரங்காய் சிப்ஸ், மட்டை அரிசி, இரண்டும் தாங்கும்.

ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே மாலில் இருந்து கிளம்பி மெட்ரோ ஏறிவிடுங்கள். ரயிலில் சிப்ஸ் பொட்டலத்தை மேல் பெர்த்தில் வையுங்கள், பக்கத்தில் வைத்தால் கோட்டயம் வருவதற்குள் பாதி தீர்ந்துவிடும். மாமியாருக்கு என்று வாங்கியது எங்களுக்கு அப்படித்தான் போயிற்று.